ரம்பத்துக்கு வைத்த பொட்டு

நான் டிங்கர். நசுங்கிய வண்டிகளின் தகரத்தை வெட்டி, தட்டி நிமிர்த்தி, பற்றவைக்கிற பிழைப்பு. காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகும் சாலையில் பட்டறை. கம்ப்ரஸர் காற்றில் ஓடும் ரம்பம் ஒன்று என்னிடம் உண்டு. தினமும் காலையில் அதன் காற்று வாயில் நாலு சொட்டு எண்ணெய் விடுவேன். கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவேன். யாராவது ரம்பத்தை மண்ணில் வைத்துவிட்டால் போச்சு, கண்டபடி திட்டுவேன். உள்ளே தூசி போகக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவன்.

அப்படிப்பட்டவன் ஆயுத பூஜையன்று அதைப் பளபளவென்று துடைத்து, சந்தனம் குழைத்து, பொட்டு வைத்தேன். எங்கே? காற்று ஏறும் வாய் மேலே பார்த்தபடி இருந்தது. அங்கேயே கட்டை விரலால் அழுத்தி வைத்தேன். அதன்மேல் குங்குமம் வேறு.

மறுநாள் காலை, நான் ரம்பத்துக்கு எண்ணெய் விடுவதற்கு முன்பே, பட்டறை வாசலில் நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு மினி வேன் போய்ச் சொருகியது. முசரவாக்கத்துத் தறிகளுக்குப் பாவு நூல் ஏற்றிப் போன வண்டி. ஓட்டிவந்தவரின் வலது கால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டிக்கொண்டது. பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. கிரைண்டர் போட்டால் பொறி பறந்து எல்லாம் எரிந்துவிடும். என் ரம்பம் என்றால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டலாம்.

"அண்ணே, காலு மரத்துக்கினே போவுதுண்ணே, சீக்கிரம்ணே."

"தோ ஆச்சுபா, தோ ஆச்சு" என்று காற்றுக் குழாயை மாட்டி விசையை அழுத்தினேன். ஒரே ஒரு உறுமல். நின்றுவிட்டது. அப்போதுதான் வாயோரம் ஒட்டியிருந்த குங்குமம் கண்ணில் பட்டது. அடப்பாவி! காய்ந்த சந்தனத்தை நானே காற்றடித்து உள்ளே தள்ளியிருக்கிறேன்.

குழாயைக் கழற்றினேன். எண்ணெய் ஊற்றினேன். பிளேடைக் குறட்டால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். கவிழ்த்துத் தட்டினால் சிவப்பாகச் சேறு வந்தது. அவசரத்தில் எண்ணெய் டப்பா கைபட்டு உருண்டது. சாமியைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை, அவருக்காக வைத்த பொட்டுதானே அது. வேன்காரர் கத்துவதை நிறுத்தியது இன்னும் பயமாக இருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் ரம்பம் ஓடியது. தகரத்தை வெட்டி அவரை வெளியே எடுத்தோம்.

உயிர் பிழைத்தார். பாதம் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பாதத்தையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி என்னிடமே சொல்லி அழுதார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வேன்காரர் ஊன்றுகோலுடன் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு முழம் கதம்பம், கிண்ணத்தில் அவரே அரைத்த சந்தனம்.

"என் உசுர காப்பாத்துன ரம்பம் எங்கண்ணே இருக்குது? இன்னிக்கு அதுக்கு நான்தான் பொட்டு வெப்பேன்."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக ரம்பத்தை எடுத்து, காற்று வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவர் முன்னால் நீட்டினேன்.

"கைய எடுண்ணே, மறைக்குது" என்றார்.

நான் எடுக்கவில்லை.