பக்கத்து வயலின் விருப்பப் பட்டியல்

மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறார்கள். நான் தஞ்சாவூரில் டாக்டராக இருக்கிறேன், அதுதான் தகுதி. நான் எங்கே சேர ஆசைப்பட்டேன், எங்கே போய் விழுந்தேன் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு நீட் மதிப்பெண் வந்த அன்றே வீட்டில் ஆலோசனைக் கடை திறந்துவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து வந்த பெரியப்பா, இன்டர்வியூ கட்டாயம் இருக்கும் என்று அடித்துச் சொன்னார். ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் கடைசியாகப் பார்த்த இன்டர்வியூ அவருடைய வேலைக்கு நடந்ததுதான். தினமும் சாயங்காலம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னை வாசலுக்கு அனுப்பி, மறுபடி உள்ளே வரச் சொல்வார்.

"எதுக்கும்மா டாக்டராகணும்?"

"ஏழைகளுக்குச் சேவை செய்ய."

"சிரிச்ச முகமா சொல்லு. அழுதுகிட்டே சொன்னா எவன் சீட்டு குடுப்பான்?"

எல்லாம் கம்ப்யூட்டரில்தான் நடக்கும், முகம் பார்க்க அங்கே ஆளே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, பிரவுசிங் சென்டர் அக்கா கேட்ட "ஓடிபி வந்துடுச்சா?" என்பதுதான். அதற்கு மட்டும் நான் தயாராக இல்லை. போன் அப்பாவிடம் இருந்தது, அப்பா வயலில் இருந்தார்.

அவர் வந்து சேர்ந்தபிறகுதான் வினையே ஆரம்பித்தது. எனக்கு வேண்டியது தஞ்சாவூர். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். வெளியூரில் தனியாகத் தங்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. அப்பாவுக்கும் என்னைப் பிரிய மனமில்லை. என் மதிப்பெண்ணுக்கு அந்த இடம் கிடைக்கவும் கிடைக்கும். வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியலில் அதை முதலில் போட்டால் கதை முடிந்தது.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்களுக்கு அடுத்த வயல்காரரின் மகனும் அந்த வருஷம் நீட் எழுதியிருந்தான். அது அவனுடைய பட்டியல். முதலில் தென்கோடியில் ஒரு கல்லூரி இருந்தது. தஞ்சாவூர் கடைசியில் கிடந்தது.

"அப்பா, தஞ்சாவூரை முதல்ல போடுவோம்."

"அவங்க நாலு பேரை விசாரிக்காமலா போட்டிருப்பாங்க? நாம மட்டும் தனியா ஒண்ணு போட்டுட்டு முழிக்கவா?"

அவருடைய நியாயம் எங்கள் பக்கத்து நியாயம். பக்கத்து வயலில் என்ன ரகமோ அதைத்தான் நாமும் விதைக்க வேண்டும், அதுவும் அதே சமயத்தில். தனியாக ஒன்றைப் போட்டு நம் கதிர் மட்டும் முன்னால் முற்றினால், சுற்றுவட்டாரத்து எலியும் குருவியும் நம் வயலுக்குத்தான் விருந்துக்கு வரும். ஒரே ஒரு வயலுக்காக அறுப்பு மிஷினும் இறங்காது. நெல்லுக்குச் சரியாக வந்த புத்தி மகளுக்குத் தப்பாகிவிடுமா என்ன? பிரவுசிங் சென்டர் அக்கா அந்தத் தாளில் இருந்த வரிசையிலேயே தட்டி, இனி மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டார்.

எனக்குத் தென்கோடி கிடைத்தது. பக்கத்து வயல் பையனுக்கு எந்த மருத்துவக் கல்லூரிக்கும் மதிப்பெண் எட்டவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் கிடைத்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தான்.

"எங்கப்பா கண்ணுல படாத தூரமாப் பாத்து வரிசையா எழுதினேன். நீ எதுக்கு அதையே எழுதின?"

பெரியப்பா இந்தக் கேள்விக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

முதல் வருஷம் முழுக்க அழுதேன். அந்த விடுதியில் எங்கள் பேச்சைப் பேச ஓர் ஆள் இல்லை. பிறகு எப்படியோ படித்து முடித்து ஊர் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், அப்பா பெரிய ஆலோசகராகியிருந்தார். "எம் பொண்ணு போட்ட மாதிரியே போடுங்க, டாக்டராயிட்டால்ல" என்று ஊர்ப் பிள்ளைகளை வருஷா வருஷம் தென்கோடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதே வரிசையை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள். உனக்கு எங்கே ஆசை என்று கேட்டேன். தஞ்சாவூர் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"அங்க நான் எப்படி அழுதேன்னு தெரிஞ்சும் இன்னும் எத்தனை பேரைப்பா அனுப்புவீங்க?"

"நீ போனப்ப அங்க நம்ம ஊர் ஆளுன்னு ஒருத்தரும் இல்லம்மா. உன்னை விட்டுட்டு வரும்போது அதைத்தான் நெனச்சுகிட்டே வந்தேன். இப்ப நம்ம பிள்ளைங்க நாலஞ்சு பேர் இருக்குதுங்க. இனிமே போற பொண்ணு தனியா கெடக்காது."

அந்தப் பெண்ணின் பட்டியலில் தஞ்சாவூரை முதலில் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்தார். இரண்டாவதாகத் தென்கோடியை எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.