வடிவுக்குக் கட்டிய பல்கனி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அப்பா ஸ்பானிய மாளிகை என்றுதான் சொல்லுவார். அந்தத் தெருவில் மற்றதெல்லாம் செங்கல் வீடுகள். எங்களுடையது மட்டும் வெள்ளைச் சுவரும் பச்சை ஓடுமாக நின்றது. வாசலில் ஒரு வளைவு, அதற்கு இரு பக்கமும் துணி பிழிந்ததுபோல முறுக்கிய தூண்கள், கீழ் ஜன்னல்களுக்குப் பூவேலை செய்த இரும்புக் கம்பிகள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில், லண்டன் மழையில் நனைந்து அலுத்துப்போன யாரோ ஒரு கட்டடக்காரருக்கு ஸ்பெயின்மேல் ஆசை வந்திருக்கிறது. ஆசை அவருக்கு, வெள்ளைச் சுவரில் வருடாவருடம் படியும் பாசியைச் சுரண்டும் வேலை அப்பாவுக்கு.

மேல்மாடியில் தெருவைப் பார்த்த அறைதான் என்னுடையது. அதன் பெரிய ஜன்னலைத் திறந்தால் ஒரு குட்டிப் பல்கனி. இரண்டு பூச்சட்டி வைக்கலாம், அவ்வளவுதான். அதன் பலகை உக்கிப்போய்விட்டது, மேலே பெயின்ட் மட்டுமே இருக்கிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் முதல் நாளே எச்சரித்திருந்தார். “அது வடிவுக்குக் கட்டினது பிள்ளை, கால் வைக்கிறதுக்கில்லை” என்று அப்பா எனக்கு விளங்கப்படுத்தினார்.

எனக்கு எட்டு வயது. அந்த வீட்டில் நான் பயப்படாத நாள் இல்லை. ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் அம்மா குரலைத் தாழ்த்திப் பேசுவார். ‘அவங்கள்’ வந்தார்கள், ‘அவங்கள்’ கொண்டுபோனார்கள் என்று காதில் விழும். யார் அவங்கள் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அப்பா வழி சொல்லும்போது, வெள்ளைச் சுவர், பச்சை ஓடு, கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்பார். அவங்களும் அப்படித்தானே வருவார்கள்?

அந்த மாரிகாலத்தில் சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களிடம் வந்து சேர்ந்தார். அவரை ஊரில் எட்டு மாதம் பிடித்து வைத்திருந்தார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பிடித்து வைத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு முடிந்த பிறகும் மறித்து வைப்பதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். அவருக்குக் கம்பி போட்ட கீழ் முன்னறையைக் கொடுத்தோம். மூன்று நாள் அவர் படுக்கவே இல்லை. நான்காம் நாள் என் அறையைத் தரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் குதித்துக்கொண்டு மாறினேன். கம்பி போட்ட ஜன்னலை விட்டுவிட்டுப் பல்கனி ஜன்னலைக் கேட்கிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

அப்பா அவருக்கும் பல்கனியைப் பற்றிச் சொன்னார். சித்தப்பா தலையாட்டினார். பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் வேலை கிடைத்தது. பகலில் மேலே தூங்குவார்.

ஒரு சனிக்கிழமை காலை, அப்பா வேலைக்குப் போயிருந்தார். சித்தப்பா நித்திரை, யாருக்கும் கதவு திறக்காதே என்று சொல்லிவிட்டு அம்மா மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனார். அவர் போய்ச் சற்று நேரத்தில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. கம்பிகளுக்கு நடுவால் பார்த்தேன். நீளக் கோட்டுப் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒருவர் எங்கள் வீட்டைக் கமராவில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஜன்னல்களை விரலால் எண்ணிக் கொப்பியில் எழுதினார். பிறகு இருவரும் நிமிர்ந்து பல்கனியைக் காட்டிக் காட்டி ஏதோ கதைத்தார்கள்.

வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழே கம்பி இருக்கிறது. மேலால்தான் ஏறி வருவார்கள். சித்தப்பாவின் அறைக்குள் வந்தால், அதிலிருந்து படியால் இறங்கி என்னிடம் வந்துவிடுவார்கள். நான் மேலே ஓடி, அவருடைய அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பக் கீழே என் அறைக்கு ஓடிவந்தேன். சித்தப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுகிறோமே என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மேலே கதவுப் பிடி இரண்டு தரம் திருகுப்பட்டது. அவர் கூப்பிடவில்லை, தட்டவும் இல்லை. பிறகு ஜன்னல் திறக்கும் சத்தம். அதற்குப் பிறகு பலகை முறியும் சத்தம். வெளியே கொப்பிக்காரர் இரண்டு கையையும் ஆட்டி, பின்னால் போ, பின்னால் போ என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

அப்பா சொன்னது அப்போதுதான் உறைத்தது. சித்தப்பா விழுந்து சாகப்போகிறார், நான்தான் பூட்டினேன். படியில் இரண்டு தரம் தடக்கினேன். சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது.

கதவு திறந்தபோது அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், அந்தக் குளிரில் பல்கனியில் நின்றுகொண்டிருந்தார். முதுகு என் பக்கம். ஒரு கால் கணுக்கால்வரை பலகைக்குள் இறங்கியிருந்தது. விழாமல் பிடிக்கப் பக்கத்தில் இரும்புச் சட்டம் இருந்தும் அவர் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி வைத்திருந்தார். கோயிலில் சாமி வெளியே வரும்போது பெரியவர்கள் அப்படித் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். இவருக்குக் கைகள் மட்டும் சேர்ந்திருக்கவில்லை.

“சித்தப்பா” என்றேன். அவர் திரும்பவில்லை.

“உள்ளுக்கு எத்தினை பேர்?” என்று தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

“நான் மட்டும்தான்.”

அதன் பிறகுதான் கைகளை இறக்கினார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்து இழுக்க, காலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்து தரையில் இருந்தார். கணுக்காலில் இரத்தம். என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

பாலோடு ஓடிவந்த அம்மாவிடம், “பூட்டு இறுகிப் போச்சு அண்ணி. பிள்ளைதான் வந்து திறந்தது” என்றார். சித்தப்பா அந்த ஆட்களைக் கும்பிட்டவர் என்று நான் சொன்னேன். அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார்; பிறகு படியில் குந்தியிருந்து அழுதார். உடைந்த பலகைக்கு வீட்டுச் சொந்தக்காரர் ஏசப்போகிறார் என்று அழுகிறாராக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு கடித உறை வந்தது. பழைய வீடுகளைப் பார்த்துத் திரிவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்களாம். அழகான வீடு, பல்கனியைத் திருத்துவது நல்லது, கையை உயர்த்தி வரவேற்றவருக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். கூடவே அன்று எடுத்த படமும் இருந்தது. அப்பா அதை யாருக்கும் காட்டவில்லை.

நான் பூட்டியது எவருக்கும் தெரியாமல் போய்விட்டது என்ற நிம்மதி எனக்கு. சித்தப்பாவிடம் மட்டும் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வேலை முடிந்து வந்தால், நான் வீட்டில் இருக்கும் நாட்களில், மேலே போகுமுன் என்னிடம் வந்து, “பிள்ளை, நான் படுக்கப் போறன்” என்பார். நான் ஓம் என்று சொல்லும்வரை நிற்பார். பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடாது. சில நாட்களில் டிவியில் கார்ட்டூன் பார்க்கும் சுவாரஸ்யத்தில் பதில் சொல்ல மறந்துவிடுவேன். நிகழ்ச்சி முடிந்து திரும்பிப் பார்த்தால், வேலை உடுப்போடு அவர் படியடியிலேயே நின்றுகொண்டிருப்பார்.