மச்சானிடம் கேட்காத சி ஃபாரம்

எங்கள் முதலாளி இசக்கியப்பனுக்கு முதலாளி என்று கூப்பிட்டால் பிடிக்காது. "யக்கா, நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்பார். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனிக்கு ஷிப்டு போய், ஓ.டி. பார்த்துச் சேர்த்த காசில் தகடு அடிக்கிற பழைய பிரஸ் மெஷின் ஒன்று வாங்கி, மாத்தூரில் ஷெட் பிடித்தார். பிரைவேட் லிமிடெட் என்று பதிய டைரக்டர் ரெண்டு பேர் வேண்டுமாம். இன்னொரு டைரக்டர் அவர் சம்சாரம் மாரிசெல்வி. மதியத்துக்கு எங்களுக்கெல்லாம் சோறு பொங்கிப் போடுவதும் அந்த டைரக்டர்தான். நான் அங்கே பேக்கிங். வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குச் சூடம் காட்டுவதும் என் பொறுப்பு.

அடிக்கிற தகடெல்லாம் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போகும். அங்கே சாமான் வாங்குகிற பொறுப்பில் இருந்தவர் காசிராஜன். அவரும் தெக்கத்திக்காரர். சரக்கைப் பார்க்க வருவார், வந்தால் மாரிசெல்வி கையால் சாப்பிடாமல் போகமாட்டார்.

"ஏம்மா, அவர் வந்தா கறி, எங்களுக்கு ரசமா?" என்று நான் வம்பு பண்ணுவேன்.

"நீங்களும் மாசத்துக்கு ஒருக்கா வாங்க யக்கா, கறி வைக்கேன்" என்பாள்.

மாரிசெல்விக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. குழந்தை செல்வலட்சுமிக்குக் குன்றத்தூர் முருகன் கோயிலில் காது குத்தப் போனோம். தாய்மாமன் மடி இல்லையே என்று மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். விருந்தாளியாக வந்திருந்த காசிராஜன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கொண்டா தங்கச்சி, எம் மருமவளை." குழந்தை வீரிட்டு அழுதது. அவர் கண்ணிலும் தண்ணீர். முருகனே ஏற்பாடு பண்ணிய சொந்தம் என்று நான் கும்பிட்டேன். அன்று முதல் அவர் அண்ணன், இசக்கியப்பனுக்கு மச்சான்.

ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்தின காலம் அது. வேறு ஸ்டேட்டுக்குச் சரக்கு விற்றால் வரி நூற்றுக்கு ரெண்டுதான். ஆனால் வாங்கின கம்பெனி சி ஃபாரம் என்று ஒன்று கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் நம்ம ஸ்டேட்டு வரி முழுசும் விற்றவன் தலையில். இதெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் ஆடிட்டர் ஸ்ரீநிவாசராகவன் சாமி வாயால் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

"இசக்கியப்பன், ஃபாரம் வந்துதா?"

"வந்துரும் சாமி. மச்சான்தான?"

"மச்சானா இருந்தா என்ன? அந்தப் பெருமாளே சரக்கு வாங்கினாலும் ஃபாரம் குடுங்கோன்னு கேட்டுத்தான் ஆகணும்."

அன்று இசக்கியப்பன் போனைக் கையில் எடுத்துவிட்டார். மாரிசெல்வி வந்து பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைய மடியில வச்ச மனுசன்ட்ட போய் காயிதம் கேப்பியளா? நம்பலைன்னு நெனைக்க மாட்டாவளா?"

"கவர்மெண்டு கேக்கு, நானா கேக்கேன்?"

"அண்ணனுக்குத் தெரியாதா? நேரம் வந்தா அவுகளே தருவாவ."

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த வருஷமும் அப்படியே. காசிராஜன் தீபாவளிக்குக் குழந்தைக்குப் பாவாடை சட்டை வாங்கி வந்தார். அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது? கேட்டிருந்தால் அவர் மறுநாளே அனுப்பியிருப்பார் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். கெட்ட மனுஷன் இல்லை. கொடுத்தாச்சு என்றே நினைத்திருப்பார்.

ஒருநாள் பெங்களூர் கம்பெனியை மூடிவிட்டார்கள். ரிஜிஸ்ட்ரேஷனும் ரத்தாகிவிட்டது, இனி அங்கிருந்து ஃபாரம் எடுக்க வழியே இல்லை என்றார் ஆடிட்டர் சாமி. வரி ஆபீஸிலிருந்து அத்தனை வருஷத்துக்கும் முழு வரி, வட்டி, அபராதம் என்று போட்டு நோட்டீஸ் வந்தது. பேங்க் கணக்கை முடக்கினார்கள். ஷெட்டில் கரண்டுக்கே காசில்லை.

ஏதாவது வழி தெரியுமா என்று கேட்க இசக்கியப்பன் பெங்களூருக்குப் போனார். திரும்பி வந்தவர் கையில் குழந்தைக்கு ஒரு ஜோடி கொலுசு.

"அண்ணன் என்ன சொன்னாவ?" என்றாள் மாரிசெல்வி.

"வேலை போயி உக்காந்திருக்காவ. வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு இருந்தாவ. அந்த நெலமையிலயும் மருமவளுக்குன்னு இதைக் குடுத்தாவ. நான் சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்னு சொல்லிட்டேன்."

மாரிசெல்வி கொலுசை வாங்கவில்லை. "நான்தானே கேக்க விடல" என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "வுடும்மா, தெரிஞ்சா பண்ணே? அழுவாதே" என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பிரஸ்ஸை விற்று வரிக்குக் கட்டினார்கள். கிரேன் வந்து தூக்கிய அன்று வெள்ளிக்கிழமை. சூடம் காட்டவா என்று கேட்டேன். "காட்டுங்க யக்கா, போற இடத்துல நல்லா ஓடட்டும்" என்றார் இசக்கியப்பன்.

பக்கத்திலேயே வல்லத்தில் ஒருத்தர் வாங்கினார். அந்த மெஷினின் கோளாறு இவர் கைக்குத்தான் அடங்கும் என்று இசக்கியப்பனையே ஆப்பரேட்டராக வைத்துக்கொண்டார். நானும் அங்கேயே பேக்கிங்குக்குச் சேர்ந்தேன். தன் மெஷின் முன்னாலேயே இன்னொருத்தர் கம்பெனி யூனிபார்ம் போட்டுக்கொண்டு அவர் நிற்பதைப் பார்க்க முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் தலை நிமிராமல் தகடு அடிப்பார்.

போன ஆடி மாசம் அவர் போன் அடித்தது. மறுபக்கம் சத்தமாகப் பேசுகிற ஆள், எனக்கே கேட்டது. ஊரோடு போய்விட்ட காசிராஜன்.

"மாப்ள, மருமவ எப்படி இருக்கா?"

"ஸ்கூலுக்குப் போறா மச்சான். நல்லா இருக்கா."

"கம்பெனி எப்படிப் போவுது?"

இசக்கியப்பன் போனை மெஷின் பக்கம் நீட்டினார். பிரஸ் இறங்கி ஒரு தகடு விழுந்தது.

"கேக்குதுல்லா மச்சான்? ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"முருகன் காப்பாத்துவான் மாப்ள."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த தகட்டை எடுத்து வைத்தார்.