தம்பி முதுகில் எழுதிய சிங்கம்

தம்பி சொறியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கோடை முழுக்க எனக்குக் கொடுத்த வேலை. ஊருக்குக் கரண்டு வந்த புதுசு. எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு. ஓர் இடத்தில் அஞ்சு நிமிஷம் உட்காராத ஜென்மம் நான். என்னைப் போய்க் காவல் வைத்தார்களே, அதைச் சொல்லுங்கள்.

எல்லாம் கன்றுக்குட்டி கொடுத்த சீர். சேவுகம்பட்டியில் எங்கள் தோட்டத்துக் கன்றுக்கு முகத்தில் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு கொஞ்சியவர்கள் நாங்கள் இருவரும்தான். எனக்கு முழங்கையில் ஒரு வட்டம், அவனுக்கு முதுகில் ஒன்று. ஓரமெல்லாம் சிவந்து, அப்படி ஓர் அரிப்பு! அப்பா வண்டுகொல்லி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து இருவருக்கும் பூசினார். எனக்கு ஒரு மாதத்தில் போய்விட்டது. கன்றுக்கும் மயிர் முளைத்துவிட்டது. தம்பிக்கு மட்டும் ஒன்று நாலாகி, நாலும் கூடிக் கழுத்துவரை ஏறியது. போதாததற்கு அடிக்கடி காய்ச்சல், வாய்ப்புண்.

"இது அக்கிதான்" என்று அம்மா முடிவுகட்டினாள். அக்கி என்றால் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்? பானை வனைகிற வேளார் வீட்டுக்குத்தான். அவர் காவி மண்ணைக் குழைத்து, கோழி இறகால் தம்பி முதுகில் ஒரு சிங்கம் எழுதினார். மூன்று நாள் குளிக்கக் கூடாது. சிங்கத்துக்கு வாலெல்லாம் சுருட்டி விட்டிருந்தார். பொறாமையில் என் வயிறு எரிந்தது. எனக்கும் எழுதச் சொல்லி முழங்கையை நீட்டினேன்.

"ஒனக்குத்தான் போயிருச்சே தாயி, போ அங்குட்டு" என்று விரட்டிவிட்டார்.

மூன்று தடவை எழுதியாயிற்று. வேர்வையும் காவியுமாக ஊறி, சிங்கத்துக்கு அடியில் வட்டங்கள் இன்னும் பெருத்தன. "நீ என்னத்தப் பாத்துக்கிட்டிருந்த?" என்று ஆளாளுக்கு என்னைத்தான் கேட்டார்கள். அந்த ஆத்திரத்தில் அவனைக் கிள்ளினேன், அடித்தேன். "அரிக்குதுக்கா" என்பான், அழக்கூடத் தெம்பில்லாமல். இன்றைக்கு நினைத்தால் என் கையை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.

கடைசியில் அம்மா எங்களைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"இவன் சொறிஞ்சு சொறிஞ்சுதான் இப்படியாச்சு டாக்டர். எனக்கும் வந்துச்சு. நான் சொறியல, போயிருச்சு." சுத்தப் பொய். நானும் சொறிந்தவள்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாவா வந்துச்சு?"

"ஆமா, ஒரே கன்னுக்குட்டி."

அவர் என் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லாத இடத்தை எதற்கு அவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. பிறகு தம்பியின் கழுத்தையும் அக்குளையும் வயிற்றையும் அமுக்கினார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"இவளுக்கு ஆறினது இவனுக்கு ஏன் ஆறலைன்னு பாக்கணும்மா. நோவு தோல்ல இல்ல, ரத்தத்துல இருக்கும்போல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் தம்பி அம்மா மடியில் கிடந்தான். அவன் கை முதுகுக்குப் போனது. நான் பாய்ந்து பிடித்தேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"விடு தாயி. சொறிஞ்சுக்கிறட்டும்."

சொன்னதோடு நிற்காமல், முந்தானையால் தானே அவன் முதுகைத் தேய்த்தும் விட்டாள். அப்படியென்றால் நான் இத்தனை நாள் காவல் காத்தது எதற்கு? ஆம்பளைப் பிள்ளை என்றால் இந்த வீட்டில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் போல என்று, வத்தலக்குண்டு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பொருமினேன். அம்மா ஏன் அழுகிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.