புஷ்பராணியின் முழங்கால் ஆங்கிலம்

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் கதவு புஷ்பராணியுடையது. கலியாணமே பிந்தி நடந்து, ஆறு வருடத்துக்கு முன்பு கணவரின் ஸ்பொன்சரில் கனடா வந்து சேர்ந்தவள். அந்தக் கணவர் சிவராசா இருபத்தைந்து வருடமாக மொன்றியலில் இருக்கிறார், டவுன்டவுன் உணவகம் ஒன்றில் சமையல்காரர். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிற மனுசன், வீட்டில் தன் தேத்தண்ணியைக்கூடத் தானே ஊற்றிக் குடிக்க மாட்டார். பிள்ளைகள் இல்லை.

புஷ்பராணிக்கு டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. எட்டு மணித்தியாலம் நின்று நின்று இடது முழங்கால் போய்விட்டது. மூன்று மாடி ஏற அவளுக்குப் பத்து நிமிடம் எடுக்கும். கதவுக்குள்ளே நின்று கேட்கிற எனக்கே கால் வலிக்கும்.

டொக்டரிடம் போனால் சிவராசாதான் மொழிபெயர்ப்பு. டொக்டர் ஆங்கிலத்தில் நீளமாகக் கதைப்பார், படம் கீறிக் காட்டுவார், தன் முழங்காலையே தொட்டுக் காட்டுவார். சிவராசா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே சொல்லில் முடிப்பார். "நடக்கட்டாம்." இவ்வளவு நேரம் கதைத்தது அவ்வளவுதானா என்று கேட்டால், உனக்கு இதெல்லாம் விளங்காது என்பார்.

மனுசனுக்கு ஆங்கிலம் வராது, வெட்கத்தில் மறைக்கிறார் என்று புஷ்பராணி முடிவுகட்டினாள். நானும் சந்தோசமாக ஒத்து ஊதினேன். குசினிக்குள் வெங்காயமும் கத்தியும் பழகினவருக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியப்போகிறது? தன் காலுக்கு என்ன வருத்தம் என்று தன் காதாலேயே கேட்க வேண்டுமென்று அவள் ஆங்கிலம் படிக்கப் புறப்பட்டாள்.

மொன்றியலில் இது லேசான காரியமா? பிரெஞ்சு படி என்று அரசாங்கம் கையைப் பிடித்து இழுக்கும். ஆங்கிலத்துக்கு நாங்களே தேடி அலைய வேண்டும். கடைசியில் வில்லரே பகுதியில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், சனிக்கிழமை வகுப்பொன்று அகப்பட்டது. படிப்பித்தவள் அக்னெஸ் என்ற ஓய்வுபெற்ற தபால்காரி. அவளுக்கே தாய்மொழி பிரெஞ்சு. நானும் கூடப் போனேன். மூன்றாம் கிழமை பனி கொட்டியது, நின்றுவிட்டேன். கால் நன்றாக இருந்த நான் வீட்டில் படுத்திருக்க, நொண்டுகிறவள் வகுப்புக்குப் போனாள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

காய்கறி, காலநிலை ஒன்றும் வேண்டாம், ஆசுப்பத்திரி ஆங்கிலம் மட்டும் போதும் என்று அவள் அடம்பிடித்ததில், அக்னெஸ் கிழமைக்குக் கிழமை டொக்டராக நடிக்க வேண்டியதாயிற்று. மிச்சப் படிப்பு வீட்டில். பஸ், வங்கி, மின்சாரம் என்று எங்காவது தொலைபேசி எடுப்பாள். ஆங்கிலத்துக்கான இலக்கத்தை அமத்தி, பதிவுக் குரல் சொல்வதைத் திருப்பித் திருப்பிச் சொல்வாள். உண்மையான ஆள் வந்ததும் வைத்துவிடுவாள். "அந்தப் பிள்ளை எத்தினை தரம் கேட்டாலும் சினக்காது அக்கா" என்பாள். சிவராசாவோ அவள் சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறாள் என்றே நினைத்திருந்தார்.

இப்படியே இரண்டு குளிர்காலம் போனது.

போன மார்ச்சில் மறுபடி டொக்டரிடம் போனார்கள். அன்று பின்னேரம் என் வீட்டுக் கதிரையில் இருந்து அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். டொக்டர் வழக்கம்போல சிவராசாவைப் பார்த்துத்தான் கதைத்தாராம். முழங்கால் முற்றாகத் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், இதோடு மூன்றாம் தரம் சொல்கிறேன், உங்கள் மனைவி இப்போதாவது சம்மதிப்பாரா என்று கேட்டாராம். சிவராசா நிதானமாக, ஒரு சொல்லிலும் தடுமாறாமல், ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மனைவி மிகவும் பயப்படுகிறாள், சத்திரசிகிச்சையே வேண்டாம் என்கிறாள், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் நடக்கட்டாம்."

"அக்னெஸை விட வடிவாக் கதைக்கிறார் அக்கா" என்று சொல்லும்போது புஷ்பராணி அழுதாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஆறு கிழமை நீ படுத்தால் தேத்தண்ணி ஆர் ஊத்துறது, அதுதான் அவருடைய கணக்கு என்று நான் கத்தினேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு மிச்சத்தையும் சொன்னாள்.

டொக்டரின் அறையில் அவள் என்னைப்போலக் கத்தவில்லை. டொக்டரைப் பார்த்து, "ஐ வாண்ட் ஒப்பரேஷன்" என்றாளாம். டொக்டர் அப்போதுதான் தன் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். ஜூனில் நாள் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சிவராசா நடைபாதையோரத்து வாங்குப் பலகையில் அப்படியே குந்திவிட்டார். அவருடைய தமையன் கொழும்பில் சின்ன ஒப்பரேஷன் ஒன்றுக்கென்று போனவர், உயிரோடு திரும்பவில்லை. இவர்தான் கூட்டிக்கொண்டு போனவராம். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

"உன்னையும் அப்பிடி ஒப்பரேஷனுக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை" என்றார்.

புஷ்பராணி காலை நீட்டிப் பக்கத்தில் இருந்தாள்.

"இதை நீங்கள் எனக்குத் தமிழிலை சொல்லியிருக்கலாமேப்பா."