சுழி எழுதாத குதிரைச் சீட்டு

வீராச்சாமியைச் சாகடித்தவன் நான்தான்.

கத்தி எடுக்கவில்லை. கை ஓங்கவில்லை. அரசாங்க முத்திரை குத்திய ஒரு குதிரைச் சீட்டை மூன்று பேரிடம் நீட்டினேன், அவ்வளவுதான். மூன்று பேரும் நம்பினார்கள்... நம்பும்படியாகத்தானே நான் நீட்டினேன்!

இதைப் படிக்கும் நீங்கள் யாரோ எவரோ. என்னை மன்னிக்கச் சொல்லி உங்களிடம் கேட்கப்போவதில்லை. கேட்டுத் தொலையுங்கள், போதும். இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டேன்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், எருமைக் கொட்டில்களைத் தாண்டி ஒரு சந்தில் எனக்கு லாயம் இருந்தது. ஒரு வாடகை வண்டி, மாற்றி மாற்றிப் பூட்ட இரண்டு குதிரைகள். சுமத்திராவிலிருந்து வந்த மட்டக்குதிரைகள். இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே உயரம், இரண்டுக்கும் இடது பின்னங்காலில் வெள்ளை. பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்தவன் வீராச்சாமி. அவன்தான் என் குதிரைக்காரன். தேய்ப்பதும் அவன், தீனி வைப்பதும் அவன், வண்டி ஓட்டுவதும் அவன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி தையலோடு கப்பலேறி வந்தவன். லாயத்தை ஒட்டிய பலகை அறையில் அவள் இருந்தாள். அவன் படுக்கையோ குதிரைகளுக்கு நடுவில்தான்.

பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. சின்னவனின் வலது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழியும் தடத்தில், ஒரு மயிர்ச்சுழி. நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? அப்படிப்பட்ட குதிரை நிற்கும் வீட்டில் அழுகுரல் ஓயாது என்பார்கள். சுழி பார்க்காமல் நம் ஆள் எவன் குதிரை வாங்குவான்? கல்யாணத்துக்கு வண்டி பேச வருகிறவன்கூடக் குதிரையின் மூஞ்சியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலையை எடுப்பான்!

அந்தக் காலத்தில் நகரத்தில் வண்டிக்குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வேண்டும். நிறம், உயரம், பல், தழும்பு, சுழி எல்லாம் அதில் எழுதியிருக்கும். சீட்டில் உள்ள குதிரைதான் எதிரே நிற்கிறதா என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தச் சுழி சீட்டில் ஏறிவிட்டால் பிறகு சின்னவனுக்கு நம்மவர் சவாரியும் கிடையாது, விலையும் கிடையாது.

பதிவு செய்யப் போன காலையில் சின்னவனின் முகத்தில் நல்லெண்ணெய் தடவி, சீப்பால் மயிரைப் படிய வாரி, சுழி இருந்த இடமே தெரியாமல் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்! எழுத உட்கார்ந்திருந்தவர் யாழ்ப்பாணத்துக் கிளார்க். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“சுழி ஏதும் இருக்கோ?”

“நெத்தியில ஒன்னுதாங்க ஐயா. எல்லாக் குதிரைக்கும் உள்ளது.”

எழுதினார். பிறகு சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்துச் சொன்னார். குதிரைக்கு மூக்கில் சீழ் கண்டால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். பிரித்துக் கட்ட வேண்டும். அதனருகில் ஆளைப் படுக்கவிடக்கூடாது. அது மனிதனுக்கும் தொற்றும், தொற்றினால் பிழைப்பது அரிது.

“இது உங்கட பொறுப்பு. நாளைக்கு எனக்குத் தெரியாது எண்டு சொல்லக் கூடாது, விளங்குதோ?”

விளங்கியது. ஐயோ, எல்லாமே விளங்கியது! தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் பாக்கியம்கூட எனக்கு இல்லை.

வீராச்சாமிக்கு எழுத்து வராது. அன்று சாயங்காலம் சீட்டை ஆசையாக வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பின்னாடி என்னங்க மொதலாளி போட்டிருக்கு?”

“குதிரைய அடிக்கக் கூடாதாம். வேளைக்குக் கொள்ளு வைக்கணுமாம்.”

“அட, இதுக்கு ஒரு சீட்டா! நான் எங்க அடிச்சேன்?” என்று சிரித்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குதிரை அப்போது கல்லுப்போல இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆள் பயந்துபோய் லாயத்தில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று தோன்றியது. அந்தச் சின்ன சௌகரியத்துக்காக...

அடுத்த மழைக்காலத்தில் சின்னவனுக்கு மூக்கு ஒழுகியது. முதலில் தண்ணீர்போல, பிறகு ஒரே நாசித் துவாரத்தில் மஞ்சளாக, பிசினாக. தாடைக்குக் கீழே கட்டி. வீராச்சாமி சளி என்றான். நானும் சளி என்றேன். சொன்ன கையோடு பெரியவனை அவிழ்த்துக்கொண்டுபோய் நான்கு வீடு தள்ளி ஒரு கொட்டகையில் கட்டினேன்.

இந்த இடத்தில் சற்று நின்று என்னைப் பாருங்கள். குதிரையைப் பிரித்துக் கட்டினேன். மனிதனைப் பிரிக்கவில்லை!

அவனோ வேப்பிலைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தன் தோள்துண்டை நனைத்து, குழந்தைக்குச் சிந்திவிடுவதுபோல அந்த மூக்கைத் துடைத்துவிட்டான். சின்னவன் தும்மினால் அவன் முகமெல்லாம் தெறிக்கும். “போடா போக்கிரி!” என்று அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வான். நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை.

ஊரில் வேறு இரண்டொரு லாயத்தில் நோய் கண்டு, எல்லாக் குதிரைகளையும் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. நோய் இருந்தால் அங்கேயே சுட்டுவிடுவார்கள். லாயத்தை மூடிவிடுவார்கள். ஏற்கெனவே ரிக்‌ஷா பாதிச் சவாரியைத் தின்றுவிட்டது, மீதியை டிராம் தின்றுகொண்டிருந்தது. லாயம் மூடினால் நான் தெருவில்தான் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நாள் குறித்திருந்தார்கள். திங்களன்று பெரியவனைப் பெரியவன் சீட்டோடு ஓட்டிப்போனேன். வியாழனன்று அதே பெரியவனைச் சின்னவன் சீட்டோடு ஓட்டிப்போனேன்.

வெள்ளைக்காரக் குதிரை டாக்டர் சீட்டையும் குதிரையையும் வரிக்கு வரி ஒத்துப்பார்த்தார். பழுப்பு... சரி. இடது பின்னங்கால் வெள்ளை... சரி. சுழி, நெற்றியில் ஒன்று... சரி! கண்ணுக்குக் கீழே ஒரு சுழி என்று அன்று நான் உண்மையைச் சொல்லி எழுத வைத்திருந்தால், அந்த இடத்தில் அவர் விரல் நின்றிருக்கும். நிற்கவில்லை. ‘நோயில்லை’ என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் வாசித்தது என் பொய்யை.

திரும்பி வந்து வீராச்சாமியிடம் சொன்னேன். “சளிக்குப்போய் வீணாச் சுட்டுப்புடுவானுங்க. பெரியவனையே காட்டிட்டு வந்துட்டேன்.”

அவன் கண் கலங்கிப்போனான். கையெடுத்துக் கும்பிட்டான்.

“புண்ணியவான் மொதலாளி நீங்க! ஒரு வாயில்லா ஜீவனக் காப்பாத்திட்டீங்க.”

உங்களை யாராவது அப்படிக் கும்பிட்டிருக்கிறார்களா? கும்பிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளுங்கள்!

மூன்று வாரத்தில் அவன் படுத்தான். காய்ச்சல், மூட்டு மூட்டாக வலி. பிறகு கையிலும் முகத்திலும் கொப்புளங்கள். பிறகு மூக்கில்... வேண்டாம், நான் எழுத மாட்டேன். குதிரைக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: இவன் பார்த்த குதிரைகளில் நோய்ப்பட்டது உண்டா? மடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். கட்டிலிலிருந்து வீராச்சாமி பார்த்துக்கொண்டிருந்தான். பேச முடிந்த நேரம்தான் அது. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டான், பாவி! டாக்டர் போனபின் கேட்டது ஒன்றுதான்.

“சின்னவனுக்கு இப்ப தேவலையா மொதலாளி?”

“தேவல,” என்றேன்.

நான்காம் நாள் அவன் இறந்தான்.

உண்மை தெரிந்திருந்தால் டாக்டர் அவனைப் பிழைக்க வைத்திருப்பாரா? மருந்தில்லாத நோய் என்று பின்னாளில் ஒருவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதலடையப் பார்த்தேன். வெட்கங்கெட்ட மனம்! சோதனைக்கு முன்னால் அவனை அந்தக் குதிரையிடமிருந்து ஒரு வார்த்தையில் விலக்கியிருக்கலாமே, அதற்கு எந்த மருந்து வேண்டும்?

பதினாறு முடிந்து தையல் வந்தாள். அக்கம்பக்கத்தார் அவளைச் சும்மா விடவில்லை. இவள் கால் வைத்த நேரம், இவள் போட்ட சோறு, புருஷனை முழுங்கிவிட்டாள் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். வாசலில் நின்று, நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“அண்ணே, உங்களத்தான் கேக்க முடியும். சின்னவனுக்கு மூக்கு ஒழுகுச்சே, அது வெறும் சளிதானா, இல்ல ஏதாச்சும் சீக்கு இருந்துச்சா? இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எம்மேல பழி இல்லன்னு நானாவது தெரிஞ்சுக்குவேன்.”

ஒரு வார்த்தை. அவள் கேட்டது அவ்வளவுதான். சொன்னால் அவள் தலை நிமிரும், என் தலை போகும்.

சீட்டை எடுத்து நீட்டினேன்.

“இந்தா பாரும்மா, அரசாங்க முத்திரை. குதிரைக்கு ஒன்னுமே இல்ல.”

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முத்திரையைப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்... திருநீறு மாதிரி ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“அப்ப என் ராசிதாண்ணே,” என்றாள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். பாவம், குதிரையை ஏன் சொல்ல வேண்டும்? தள்ளியதும் நான், பறித்ததும் நான். அடுத்த கப்பலில் அவள் ஊர் போய்விட்டாள். அங்கே அவளை என்னவென்று பேசினார்களோ!

இதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? சின்னவன் சாகவில்லை. அந்த நோய்க்கு அப்படி ஒரு குணம் உண்டு, சில குதிரைகளில் உள்ளே பதுங்கிக்கொள்ளும். மூக்கு காய்ந்தது, கட்டி அமுங்கியது, மேனி பளபளத்தது. எனக்கு அதைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள முடியவில்லை. சுட்டுப் புதைத்திருக்க வேண்டும். குதிரை செத்தால் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எப்படிச் செத்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். ஜொகூரிலிருந்து வந்த, சுழி பார்க்கும் வழக்கமில்லாத ஒருவருக்கு விற்றுவிட்டேன். குதிரையோடு சீட்டையும் கொடுத்தேன்.

அழைத்துப்போக அவருடைய ஆள் வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். என் பக்கம் திரும்பக்கூட இல்லை, நேரே சின்னவனிடம் போனான். “வாடா ராசா,” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் கன்னத்தை அதன் மூக்கோடு சேர்த்து வைத்தான்.

ஐந்தடி தூரம் இருக்கும். நான் வாய் திறக்கவில்லை.

அவன் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.