எட்டு சிலிண்டருக்கு ஒரு பாஸ்

ஹட்டனில் ஒரு எஞ்சின் பாஸ் என் காரின் எஞ்சினை எனக்குத் தெரியாமலேயே பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கைத்தொழில்காரர் எல்லோரும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், எஞ்சின் பாஸ். அவரைக் கேட்டால் சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்பார். நான் 'சரிங்க' என்றேனாம். என்றது உண்மைதான்.

அந்தக் கார் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. அப்பா தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் டிரைவர். அந்தத் துரைக்கு நுவரெலியா மலைப்பாதையில் பந்தயம் ஓட்டுகிற பைத்தியம் இருந்தது. எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்றைக் கப்பலில் இறக்கினார். நாட்டை விட்டுப் போகும்போது அது பழுதாகிக் கிடந்தது, வாங்க ஆளில்லை, அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். இப்போது அதை நான் கல்யாணங்களுக்கு ஓட்டுகிறேன். நான் பேசக் கூச்சப்படுகிறவன். கல்யாண நாளில் டிரைவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எனக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது.

போன வருடம் கொட்டகலை ஏற்றத்தில் பொண்ணு மாப்பிள்ளை பின்னால் இருக்க, வண்டி நீலப்புகை கக்கியது. பொண்ணு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. எஞ்சினைச் செய்தே ஆகவேண்டும். ஆனால் அது ஏற்கனவே இரண்டு முறை கடைந்த எஞ்சின். சிலிண்டர் தேயத் தேய உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இன்னும் ஒரே ஒரு முறை கடைவதற்குத்தான் இரும்பு மிச்சமிருந்தது. பிழையான ஆள் கை வைத்தால் அத்தோடு முடிந்தது. இன்னொன்று தேடினாலும் கிடைக்காது.

ஹட்டன் பாஸைத்தான் எல்லோரும் சொன்னார்கள். பெரிய கராஜ், நாலு பேர் வேலைக்கு. அவர் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இது என்ன எஞ்சினா, தேயிலை மெசினா? கழட்டி வீசிட்டு வேன் டீசல் எஞ்சின் ஒன்னு ஏத்திருவோம். பழசு நமக்கு எதுக்கு? சரியா?"

"சரிங்க" என்றேன். வண்டியைப் பார்த்து வைக்கட்டும், வீட்டில் யோசித்துச் சொல்லலாம் என்று விட்டுவிட்டு வந்தேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் 'சரிங்க' என்னவென்று தெரியும். காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி வேலை பிரிக்கும்போது நாங்கள் சொல்வது அது. காதில் விழுந்தது என்று அர்த்தம். ஒத்துக்கொண்டோம் என்பது இல்லை. கணக்கப்பிள்ளை ஏசினாலும் சரிங்க, தண்ணீர் லைன் வராது என்றாலும் சரிங்க. ஹட்டன் பாஸும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவர்தான். அவருடைய அப்பாவும் அதே பெரட்டில் நின்று அதையேதான் சொல்லியிருப்பார். தெரியாத ஆள் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போனவன், சும்மா எட்டிப் பார்த்தேன். எஞ்சின் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் இரும்புக்காரனின் சின்ன லொறி, பின்கதவு திறந்தபடி.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் பாஸ். "பழசுக்கு ஆள் புடிச்சாச்சு."

என்ன செய்வதென்று தெரியாமல் போய் அந்த எஞ்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்கண்ணே."

எழும்பவில்லை.

"அன்னைக்குச் சரிங்கன்னீங்களே. நாலு பேர் கேட்டுக்கிட்டு நின்னாங்க. இப்ப வந்து கோழி அடை காக்குற மாதிரி குந்திக்கிட்டா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். இரும்புக்காரன், "குஞ்சு பொரிச்சா எனக்கு ஒன்னு குடுங்க" என்றான். நான் போனை எடுத்து மனைவியிடம், "கராஜுக்கு வா" என்று மட்டும் சொன்னேன். அவள் பஸ் பிடித்து வந்து சேரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். காற்சட்டையெல்லாம் எண்ணெய்.

அவள் வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"எந்தச் சரிங்கவ வச்சு இறக்குனீங்க? இந்த மனுசன் சாப்பிடக் கூப்பிட்டாலும் சரிங்கன்னுதான் சொல்லுவாரு. அப்புறம் போய்ப் பார்த்தா படுத்துருப்பாரு. ஒங்க வீட்டுலயும் அப்படித்தானே சொல்லி வளத்தாங்க? இல்ல, நீங்க வானத்துலருந்து எறங்குனீங்களா?"

"அக்கா, மரியாதையா பேசுங்க."

"எஞ்சின லொறியில ஏத்துங்க. இரும்புக்கு இல்ல, எங்க வீட்டுக்கு. மரியாதை தானா வரும்."

ஏற்றினார்கள். போகிற வழியில் அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூட விடவில்லை. எல்லாவற்றையும் ஹட்டனிலேயே செலவழித்துவிட்டாள் போல. வண்டியை மறுநாள் இழுத்துக்கொண்டு வந்தோம். அதற்குப் பிறகு அந்தக் கராஜ் வாசலில் நான் மிதித்ததில்லை.

அடுத்து யார் என்று விசாரித்தபோது, தலவாக்கலையில் ஒரு வயதான சிங்கள பாஸ் இருக்கிறார் என்றார்கள். சொன்ன ஒவ்வொருவரும் கூடவே, "ஆனா மனுசன் சரியில்ல" என்றார்கள். கராஜுக்குள் ஆள் வைத்துக்கொள்வதில்லை, வந்தவனை ஏசுவார், பிடிக்காத வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் பழகியவர். அதனால் பெரியவர், சின்னவர் யாராக இருந்தாலும் 'நீ'தான்.

லொறியில் கொண்டுபோய் இறக்கிய எஞ்சினைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அளவுகோலை விட்டுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு சிலிண்டர்ல ஆழமா கீறல். மத்த ஆறும் பரவாயில்ல. ரெண்டு வழி இருக்கு. எட்டையும் கடைஞ்சு பெரிய பிஸ்டன் போடலாம். அப்புறம் ஒனக்கு இதுல இரும்பு இல்ல. இல்லாட்டி கெட்ட ரெண்டுக்கும் மட்டும் உள்ள புது இரும்புக் குழாய், லைனர், எறக்கலாம், மத்ததை லேசா தேய்ச்சு விடலாம்."

"சரிங்க" என்றேன்.

"மொகக்த ஹரி?" என்றார். பிறகு தமிழில், "எது சரி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"காது கேக்கலயா? ரெண்டு வழி சொன்னேன். எது?"

"நீங்க பார்த்து..."

"நான் பார்த்துட்டேன். எஞ்சின் என்னோடதா? நான் கடைஞ்சு, நாளைக்கு ஒடைஞ்சா, நீ ஊர் முழுக்கப் போய் என்ன சொல்லுவ? பாஸ் கெடுத்துட்டான்னு சொல்லுவ. இப்ப வாய் இல்ல, அப்ப வாய் வரும்."

"சரிங்க."

கையிலிருந்த சாவியை மேசையில் போட்டார். அந்தச் சத்தம் எனக்கு அறை விழுந்தது போல இருந்தது. "போ. வாயில வார்த்தை வந்தா வா. இல்லாட்டி இதைத் தூக்கிக்கிட்டுப் போக வா."

பஸ்ஸில் வரும்போது, அப்பா வயதுக்காரர் என்றும் பார்க்காமல் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஹட்டன்காரராவது அண்ணே என்று கூப்பிட்டார். இந்த ஆளிடம் கொடுக்கவே கூடாது, நாளைக்கே லொறி பிடித்துத் தூக்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடமும் அதையே சொன்னேன்.

"எதுலயும் கை வச்சாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. தொடவே இல்ல. சாக்கு ஒன்னைப் போட்டு மூடிட்டாரு."

"அப்ப என்ன கொறை?"

"நீன்னு பேசுறாரு."

"அண்ணேன்னு பேசுனவன் என்ன செஞ்சான்?" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பிப் போக எனக்கு ஒரு வாரமானது. பஸ்ஸில் வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவர் குனிந்து வேறொரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

"எட்டையும் கடைய வேணாம்" என்றேன். 'வேணாம்' என்று கைத்தொழில்காரன் ஒருவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் கீச்சென்று வந்தது. "கெட்ட ரெண்டுக்கும் லைனர் போடுங்க. பிந்தி ஒரு தடவை கடையிறதுக்கு இரும்பு இருக்கட்டும்."

அவர் நிமிராமலே சிங்களத்தில், "ஹரி" என்றார்.

போயிருக்கலாம். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் எனக்குள் ஹட்டன் கராஜும், அந்தச் சிரிப்பும், மேசையில் விழுந்த சாவியும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

"எது சரி?" என்றேன்.

இப்போது நிமிர்ந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். முறைத்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார்: ரெண்டுக்கு லைனர், ஆறைத் தேய்க்கிறது மட்டும், பிஸ்டன் பழைய அளவிலேயே. மூன்றையும் சொல்லி முடிக்கும்வரை நான் நகரவில்லை.

"போதுமா?" என்றார்.

"போதும்" என்றேன்.

"சரி, வெளியே போ. வெளிச்சத்தை மறைக்காத."